இறக்கிய காரில் அகல டயர்: மட்கார்டை மடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல். கம்பெனியில் வந்தது 165/80 ஆர்14 டயர். இப்போது 16 இன்ச் அலாயில் 195/55 ஓடுகிறது, கார் 35 மி.மீ. இறங்கியிருக்கிறது, நான்கு வீல் ஆர்ச்சிலும் உள் மடிப்பை மடக்கியிருக்கிறோம். காரைக்குடியில் எனக்குத் தெரிந்த டிங்கர் அண்ணன் ஒருவரின் பட்டறையில் கூடவே நின்று செய்த வேலை இது. அதற்குப் பிறகு தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துப் பையன்கள் போனிலும் டீக்கடையிலும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன். அவசரப்பட்டு கிரைண்டரை எடுத்து நல்ல பாடியைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டதால்தான் இவ்வளவு நீளம்.

மட்கார்டை மடிப்பது என்றால் என்ன?

டயருக்கு மேலே இருக்கும் வளைவின் ஓரத்தை விரலால் உள்பக்கம் தடவிப் பாருங்கள். தகடு அப்படியே முடிந்துவிடாது, டயரைப் பார்த்து உள்ளே ஒரு விரல் அகலம் திரும்பியிருக்கும். அந்த மடிப்புதான் ஓரத்துக்குப் பலம். இறக்கிய காரில் அகல டயர் போட்டால் முதலில் டயரைக் கடிப்பதும் அதுதான். அதைச் சூடுபடுத்தி, மெதுவாக மேல்நோக்கி மடக்கி, வெளித்தகட்டின் பின்பக்கத்தோடு ஒட்டிவிடுவதுதான் வேலை. தகடு எதுவும் போகாது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியக்கூடாது.

அதையும் தாண்டி வளைவையே வெளியே இழுப்பது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் பட்டறையில் "மட்கார்டு வேலை" என்று மொட்டையாகச் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் செய்வார்கள்.

என் காரில் உரசுகிறது. உடனே மடித்துவிடலாமா?

வேண்டாம். எங்கே உரசுகிறது என்று தெரிகிற வரைக்கும் தகட்டில் கை வைக்காதீர்கள். சத்தம் பின்னால் வருகிற மாதிரி இருக்கும், பார்த்தால் முன் டயர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்கார்டுக்கு உள்ளே மறைப்பாக இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் தேய்த்துக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு கிளிப்பை மாற்றி லைனரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கட்டினாலே போதும், மட்கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நாங்கள் பார்த்த முறை சுலபமானது. நான்கு வளைவின் உள் ஓரத்திலும் கலர் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தோம், இடது பக்கம் நீலம், வலது பக்கம் சிவப்பு. டயரின் தோள்பட்டையை (ரோட்டில் படும் ரப்பரும் பக்கச்சுவரும் சேரும் ஓரம்) ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். அப்புறம் பின் சீட்டில் நான்கு 25 கிலோ அரிசி மூட்டை, டிக்கியில் இரண்டு, முன்னால் நாங்கள் இரண்டு பேர். காலியாக ஓட்டிப் பார்ப்பது வீண். இந்த ஊரில் கார் காலியாக எங்கே போகிறது? குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ கிளம்பினால் அம்மா, அத்தை, பிள்ளைகள், சாப்பாட்டுக் கூடை எல்லாம் ஏறும். அன்றைக்குத்தான் டயர் தகட்டைத் தொடும்.

கானாடுகாத்தான் வரை போய் வந்தோம். வழியில் இருக்கும் வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி, அடுத்ததில் இரண்டையும் சேர்த்து ஏற்றி, ஒரு இடத்தில் ரிவர்ஸில் முழு ஒடிப்பு ஒடித்துத் திருப்பினோம். திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது பின் வலது டயரின் வெளித்தோளில் கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு, இடதுபுறம் நீலம் மெல்லிசாக ஒரு கீற்று. முன்னால் வளைவில் ஒன்றுமே இல்லை, லைனரில் மட்டும் பளபளப்பாக ஒரு தேய்மானம். ஆக, தகட்டைத் தொட்டது பின்னால் மட்டும்தான், அதிலும் வலதுபுறம் அதிகம். இது தெரியாமல் ஆரம்பித்திருந்தால் முன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு முழுசாக மடக்கியிருப்போம். (முன்னால் உள்ள மடிப்பைக் கடைசியில் லேசாக மடித்தது, பின்னாளில் டயர் மாற்றும்போது தொல்லை வேண்டாம் என்பதற்காக.)

எவ்வளவு அகலம் வரை போகலாம்? டயர் நம்பரை எப்படிப் படிப்பது?

195/55 ஆர்16 என்றால் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், உள்ளே ரிம் 16 இன்ச். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. வரும். கம்பெனி கொடுத்த 165/80 ஆர்14 சுமார் 620. கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. 205/50 ஆர்16 சுமார் 611, அதுவும் பரவாயில்லை. ஆனால் ஆசைப்பட்டு 205/55 ஆர்16 வாங்கினால் 632 ஆகிவிடும், இறக்கிய சின்ன காரில் அந்த 12 மி.மீ.யில் பாதி, அதாவது 6 மி.மீ., நேராக உங்கள் வளைவின் இடத்தைத்தான் தின்னும். விட்டம் பழையதிலிருந்து மூன்று சதவீதத்துக்குள் இருக்கட்டும், இறக்கிய காரில் அதற்குள்ளேயும் கூடுதல் பக்கம் போகாமல் பாருங்கள்.

இன்னொன்று, யாரும் பார்ப்பதில்லை: அளவுக்குப் பக்கத்தில் 87, 88 என்று ஒரு எண் இருக்கும். அது எடை தாங்கும் குறியீடு. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ, 88 என்றால் 560 கிலோ. உங்கள் காருக்குக் கம்பெனி சொன்ன எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

ஆப்செட் என்கிறார்களே, அது எதற்கு?

டயர் அகலத்தைவிட இதுதான் முக்கியம். இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பேருக்கு மட்கார்டு வேலையே தேவைப்படாது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆப்செட், மி.மீ.-இல் சொல்வார்கள், ரிம்மின் உள்ளே ஈடி (ET) 45, ஈடி 40 என்று அச்சாகியிருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பழைய ரிம் 6 இன்ச் அகலம், ஈடி 45 என்று வையுங்கள். புதியது 7 இன்ச், ஈடி 40. அகலம் ஒரு இன்ச் கூடியதில் இரண்டு பக்கமும் பாதிப் பாதி, அதாவது 12.7 மி.மீ. ஆப்செட் குறைந்ததில் இன்னொரு 5 வெளியே. ஆக வெளி ஓரம் 17.7 மி.மீ. வெளியே வரும், உள் ஓரம் 7.7 மி.மீ. மட்டும் சாக் அப்சார்பர் பக்கம் போகும். அதே 7 இன்ச்சில் ஈடி 45-ஐயே வாங்கியிருந்தால் 5 மி.மீ. உள்ளே தங்கியிருக்கும். ஐந்து மி.மீ. என்ன பெரிசு என்று நினைக்க வேண்டாம், மடிப்பை மடக்கிக் கிடைப்பதே ஏறக்குறைய பத்து மி.மீ.தான்.

வாங்குவதற்கு முன் அளக்க, கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்று போதும். வளைவின் உச்சியில் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் நடுவில் எத்தனை மி.மீ. என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் டயருக்கும் சாக் அப்சார்பருக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். கார் சமதளத்தில் நிற்க வேண்டும்.

ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளலாமா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு. அகல டயர் போட்டு உரசுகிறது என்று வந்த பிறகு ஸ்பேசர் போட்டால் இன்னும் வெளியே வந்து இன்னும் உரசும். உள்பக்கம் சாக் அப்சார்பரில் முட்டினால் மட்டும் அதற்கு வேலை. போட்டால் ஹப்பில் கச்சிதமாக உட்காருவதாகவும், நட்டு போதுமான சுற்று ஏறுவதாகவும் இருக்க வேண்டும்.

இறக்குவதற்கு ஸ்பிரிங்கை வெட்டிவிட்டால் போதாதா? செலவு மிச்சம்.

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பொறுமை குறைவு. சுருளை வெட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகும், சாக் அப்சார்பர் மட்டும் பழைய விறைப்புக்கே அமைந்ததாக இருக்கும், கார் குதிக்கும். வெட்டிய முனை அதன் தட்டில் சரியாக உட்காராது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போதோ குழியில் சக்கரம் தொங்கும்போதோ ஸ்பிரிங் இடம் மாறிவிடும், அப்படி மாறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் காருக்கென்றே செய்த இறக்க ஸ்பிரிங்கோ காயிலோவரோ (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-சாக் அப்சார்பர் செட்) வாங்க முடியவில்லை என்றால், வாங்க முடிகிற வரை காத்திருங்கள்.

பம்ப் ஸ்டாப் ரப்பரையும் எடுத்துவிடச் சொல்வார்கள். அதுதான் டயர் மேலே ஏறுவதைக் கடைசியாகத் தடுக்கும் பொருள். அது இல்லாமல் மடிப்பை எவ்வளவு மடக்கினாலும் பிரயோஜனமில்லை.

சரி, மடிக்கும் வேலையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஹப்பில் நான்கு நட்டில் பூட்டுகிற ரோலர் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு கை நீண்டு, அதன் நுனியில் கெட்டியான உருளை. கையின் நீளத்தையும் உருளையின் சாய்வையும் மாற்றலாம். ஆன்லைனில் கிடைக்கிறது, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பி எந்த வேலையும் வேண்டாம். சக்கரத்தைக் கழற்றியதும் முதல் வேலை சுத்தம். நம் பக்கத்துச் செம்மண் அந்த மடிப்பின் மேலே வரப்புக் கட்டினாற்போல் இறுகியிருக்கும். எங்கள் காரில் பின் வளைவு ஒன்றிலிருந்து மட்டும் இரண்டு கை நிறைய மண் வந்தது, உள்ளே பாதி ஈரம். மண்ணோடு மடக்கினால் அது உள்ளேயே சிக்கிக்கொண்டு தகட்டைத் தின்னும். தண்ணீர் அடித்து, பிரஷ் போட்டு, காயவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள். லைனரின் ஸ்க்ரூ, பம்பரின் ஓரத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூ இரண்டும் அந்த மடிப்பில்தான் இருக்கும், கழற்றிவிடுங்கள்.

ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) ஒரே இடத்தில் பிடிக்காமல் ஆட்டிக்கொண்டே சுடுங்கள். வெளிப்பக்கம் புறங்கையை வைத்தால் உடனே எடுக்கத் தோன்ற வேண்டும், ஆனால் பெயிண்ட் மணம் வரக்கூடாது. அந்த அளவுதான். சித்திரை, வைகாசியில் பட்டறை வாசலில் வெயிலில் நிறுத்திச் செய்தால் பாதிச் சூடு சும்மா கிடைக்கும். மழைக்காலத்தில் செய்யாதீர்கள், தகடு சீக்கிரம் ஆறிப்போகும். பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கும் பக்கம் தகட்டுக்குப் பின்னால் குழாய் போகிறது, அந்தப் பக்கம் கூடுதல் கவனம், பக்கத்தில் ஒருவர் தீயணைப்பானோடு நிற்கட்டும்.

உருளையை முதல் சுற்றில் மடிப்பைத் தொடும் அளவுக்கு மட்டும் வைத்து, வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். கொஞ்சம் அழுத்தம் கூட்டி மறுபடி. மறுபடி சூடு. ஒவ்வொரு சுற்றிலும் மடிப்பு ஒரு நூல் அளவு திரும்பினால் போதும். எங்களுக்கு ஒரு வளைவுக்கு பதினைந்து சுற்றுக்கு மேல் ஆனது. அண்ணன் வாய் திறக்காமல் இடது உள்ளங்கையை வெளித்தகட்டின் மேல் வைத்துக்கொண்டே வலது கையால் ஓட்டினார். அலை கிளம்பினால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரியும் என்றார். ஒரு இடத்தில் நிறுத்தி என் கையைப் பிடித்து வைத்தார். லேசான மேடு, நெல்மணி கனம்கூட இருக்காது. அங்கே அழுத்தத்தைக் குறைத்து நான்கு தடவை ஓட்டியதும் அமுங்கிவிட்டது. முரட்டுத்தனமாக இரண்டே சுற்றில் முடித்தால் அந்த மேடு அப்படியே நின்று, சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் பார்க்கும்போது வளைவு நெளிநெளியாகத் தெரியும்.

முழுசாக ஒட்டிவிடத்தான் வேண்டும் என்றில்லை. உங்களுக்குத் தேவை 6 மி.மீ. என்றால் அதோடு நிறுத்துங்கள். ஓரம் எவ்வளவு மடியாமல் இருக்கிறதோ அவ்வளவு பலம் அதில் மிச்சம்.

கருவி இல்லாமல், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உலக்கையைச் செருகி காரைத் தள்ளி மடிப்பார்களே?

செய்கிறார்கள், சில சமயம் நன்றாகவும் வருகிறது. ஆனால் அழுத்தம் உங்கள் கையில் இல்லை, காரின் எடையில் இருக்கிறது. ஒரே தள்ளில் வளைவின் உச்சி மட்டும் வெளியே பிதுங்கிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. உருட்டுகிறபோது கட்டை தெறித்துக் காலில் அடிக்கவும் செய்யும். நான் செய்யமாட்டேன்.

பெயிண்ட் வெடிக்காதா?

கம்பெனி பெயிண்ட், நிதானமான சூடு, பல சுற்று: பெரும்பாலும் வெளியே ஒன்றும் ஆகாது. மடிப்பின் உள்பக்கம் மயிரிழையாகக் கீறல் விழும், அது எப்போதும் உண்டு, அதற்குத்தான் கீழே துரு பற்றி எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் முன்பே அடிபட்டு பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் எவ்வளவு சூடு காட்டினாலும் பட்டி பிளக்கும். பழைய கார் வாங்கியவர்கள் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வளைவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவுகிற இடத்தில் பட்டி இருக்கிறது. அப்படியென்றால் பெயிண்டருக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மடிப்பதற்குப் பதில் கிரைண்டர் வைத்து அந்த ஓரத்தை வெட்டிவிட்டால்?

முன் மட்கார்டு ஒற்றைத் தகடு, போல்ட்டில் நிற்பது, கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். பின்னால் கதையே வேறு. அங்கே வெளித்தகடும் உள் சக்கரக்கூடும் அந்த மடிப்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்கின்றன. அதை வெட்டினால் இரண்டும் பிரிந்து வாய் திறந்துவிடும். சக்கரம் வாரியடிக்கிற தண்ணீரும் சேறும் நேராகப் பாடிக்குள் போகும், பலமும் போகும். தெரிந்த ஒருவர் காரில் இப்படி வெட்டி, மேலே கறுப்பு பெயிண்ட் மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை, டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஓரமெல்லாம் பொரிந்திருந்தது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டிய பிறகு இரண்டு தகட்டையும் சேர்த்து மறுபடி வெல்டிங் செய்து, சீலர் வைத்து முடிக்கத் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள். பைபர் அகல வளைவு ஒட்டுகிறவர்களுக்கும் இதே பேச்சுதான், பைபர் மேலே மறைக்குமே தவிர உள்ளே அடைக்காது.

துருப் பிடிக்காமல் எப்படிக் காப்பது?

மடித்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. காரைக்குடியில் துருவைப் பற்றி ஆராய்கிற செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லிருந்து இருக்கிறது, அதன் வாசல் வழியாகவே தினம் போகிறோம், ஆனால் காரில் ஒரு கீறலை அப்படியே விட்டுவிடுகிறோம்.

இரும்புக்குத் தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைத்தால் துரு. மடித்த மடிப்புக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து உண்டாகிறது, ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே போன ஈரம் நாள்கணக்கில் காயாது, செம்மண் வேறு அதைப் பிடித்துவைக்கும். அதனால் மடித்து ஆறியதும் உள்பக்கத்தைச் சாண்ட்பேப்பரில் லேசாகத் தேய்த்து, தின்னரால் துடைத்து, தகடு தெரிகிற இடமெல்லாம் துத்தநாக பிரைமர். அது காய்ந்ததும் சந்து முழுவதும் சீம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை) விட்டு விரலால் அழுத்தி நிரப்புங்கள், வளைவின் இரண்டு கீழ்முனைகளிலும் குறிப்பாக. சீலர் காய்ந்த பிறகு மேலே அண்டர்பாடி கோட்டிங். ஈரத்தின் மேல் கோட்டிங் அடித்தால் அடிக்காமல் விட்டதைவிட மோசம், துரு உள்ளே மூடிக்கொண்டு வளரும். தை மாதம் பிறந்ததும் ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி உள்ளே தண்ணீர் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேம்பர் மாற்றினால் போதும் என்கிறார்களே?

கேம்பர் என்றால் சக்கரத்தின் சாய்வு. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் வளைவுக்கும் டயருக்கும் இடம் கிடைக்கும், உண்மைதான். காரை இறக்கினாலே முன்னால் கொஞ்சம் சாயும். ஆனால் அதிகம் சாய்த்தால் டயர் உள் ஓரத்தில் மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடிக்கும்போது ரோட்டில் படுகிற ரப்பரும் குறையும். ஸ்விஃப்ட் மாதிரி கார்களில் பின்னால் ஒரே குறுக்குச் சட்டம், அங்கே சாய்வு மாற்ற வழியே வைக்கவில்லை. உரசுவதோ பெரும்பாலும் பின்னால்தான்.

அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். செய்யாதீர்கள், குழியில் அடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ் தொல்லை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அகல வளைவு ஒட்டி, வண்டியின் மொத்த அகலத்தையே கூட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரியும். டயர் பாடிக்குள்ளேயே இருந்து, அளவும் உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனி கொடுத்ததாக இருந்தால் தகராறு குறைவு. ஸ்விஃப்ட்டில் 185/65 ஆர்15 அப்படி வந்தது.

அலாய், ஸ்பிரிங் எல்லாவற்றையும் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் கிளெய்மில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

நம் ஊர் ரோட்டுக்கு இறக்கிய கார் சரிப்படுமா?

விதிப்படி கட்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், அதில் இறக்கிய காரும் அழகாக ஏறி இறங்கும். ஊருக்குள் இருப்பது அப்படியில்லை, குறுகலாகச் செங்குத்தாகக் கட்டியிருப்பார்கள், அங்கே நடுவயிறுதான் தட்டும். அதனால் 35 மி.மீ.க்கு மேல் இறக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செட்டிநாட்டு வீதிகள் நேர்நேராகக் கட்டம் போட்டவை, அவற்றில் கவலையில்லை. கவலை வீட்டு வாசலில்தான், ரோட்டிலிருந்து ஏறும் சரிவில் கோணலாக ஏறினால் ஒரு பின் சக்கரம் முழுசாக உள்ளே அமுங்கும். மடித்த பிறகு நான் முதலில் சோதித்ததே எங்கள் வாசல் ஏற்றத்தைத்தான்.

வேலை முடிந்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

வீல் அலைன்மென்ட் அன்றே. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரென்ச்சில் (குறிப்பிட்ட அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள். சாக்பீஸ் சோதனையை அதே மூட்டைகளோடு, அதே வழியில் இன்னொரு தடவை செய்யுங்கள். எங்களுக்கு இரண்டாவது முறை பின் வலதில் சிவப்பு ஒட்டவே இல்லை. இடது டயரில் மட்டும் ஒரு புள்ளி நீலம் இருந்தது, தேடினால் அது தகடு இல்லை, பம்பர் ஓரத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூவின் தலை. அதை எடுத்துவிட்டு தட்டைத் தலை ஸ்க்ரூ போட்டோம். அந்த வார வெள்ளிக்கிழமை ஐந்து பேராக வைரவன்பட்டி போய் வந்தோம், சத்தமே இல்லை.